தேநீர்க் கடை மேசையும் நமது அபிப்பிராயங்களும்



“அது என்னுடைய அபிப்பிராயம். சொல்ல எனக்கு உரிமை இல்லையோ?” இந்தக் கேள்வியை நாம் கேளாத நாளில்லை. வீட்டு விறாந்தையில் கேட்கிறோம்; பஸ்ஸில் கேட்கிறோம்; ஞாயிறு பூசை முடிந்து கோவில் வளவில் நிற்கையில் கேட்கிறோம்; எல்லா இடங்களிலும் அதிகமாகத் தேநீர்க் கடையில் கேட்கிறோம். உரிமை உண்டா என்றால், உண்டு என்பதே பதில். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதன் 14ஆவது உறுப்புரையில், இந்நாட்டுப் பிரசைகள் யாவருக்கும் பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. ஆனால் மனச்சாட்சியின் முன் வழக்கு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. ஓர் அபிப்பிராயத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. சொன்ன அபிப்பிராயத்துக்கு நான் கணக்குக் கொடுக்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதைச் சட்டம் தீர்த்துவைக்கும். இரண்டாவதை நாமே தீர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாரம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு மனிதர், மூன்று அபிப்பிராயங்கள்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத் தலைவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வைக்க வேண்டாம். பெயர் வைத்தால் அவர் வேறு யாரோ என்று எண்ணி நாம் நிம்மதியடைந்துவிடுவோம். துறைமுகப் பக்கத்தில் அவருக்கு வேலை. நல்ல மனிதர். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவர். ஞாயிறு பூசை தவறாதவர். பாலையூற்று லூர்து அன்னையின் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் போய் வருபவர். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், கடையில் இருந்து ஒரு பிளேன்ரியும் இரண்டு வடையும் எடுப்பது அவர் வழக்கம். அங்கேதான் அவருடைய அபிப்பிராயங்கள் வெளிவரும்.

அரசியலைப் பற்றி அவர் சொல்வது: “எந்தக் கட்சி வந்தாலும் எங்களுக்கு ஒண்டும் இல்லை. எல்லாரும் ஒரே ஆக்கள்தான்.” விசுவாசத்தைப் பற்றி: “இப்பத்தைய பிள்ளையளுக்கு விசுவாசம் எங்கை இருக்கு? எங்கட காலத்திலை செபமாலை சொல்லி முடியாமல் சோறு இல்லை.” வெளியிற் சாப்பிடுவதைப் பற்றி: “அந்தக் கடைக்குப் போகாதை தம்பி. அவங்கட சாப்பாட்டிலை என்னத்தைக் கலக்கிறாங்களோ ஆருக்குத் தெரியும்?”

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இம்மூன்றில் எது பாரமானது? அரசியல் பெரிய விடயம், விசுவாசம் புனிதமான விடயம், சாப்பாட்டுக் கடையைப் பற்றிய பேச்சு அற்ப விடயம் என்றுதான் நாம் வரிசைப்படுத்துவோம். ஆனால் சற்று நின்று பாருங்கள். அரசியல் அபிப்பிராயம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடியாகிறது. விசுவாசத்தைப் பற்றிய அபிப்பிராயம் பெரும்பாலும் வாயளவில் நின்றுவிடுகிறது. மூன்றாவதோ அன்றன்றே செயலாகிறது. எந்த வாசலுக்குள் நுழைகிறோம், யார் நீட்டும் கோப்பையை வாங்குகிறோம், யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறோம் என்பவை நாளாந்தச் செயல்கள். அரசியலில் நீதி வேண்டும் என்று கேட்பவர் பிறருக்கும் அந்த நீதியைக் கொடுக்க ஆயத்தமா, அயலவனை நேசி என்று கோவிலில் கேட்டவர் அதை உண்மையாகவே நம்புகிறாரா என்பது அந்த மேசையிலே தெரிந்துவிடும். ஆகவே அற்பமென்று நாம் ஒதுக்கும் அபிப்பிராயமே மற்ற இரண்டுக்கும் உரைகல்லாக இருக்கிறது.

நமது ஊரின் மேசை

இது எல்லா ஊருக்கும் பொருந்தும். ஆனால் திருகோணமலைக்கு விசேடமாகப் பொருந்தும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இம்மாவட்ட மக்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர். சிங்களவர் கால் பங்கிற்குச் சற்று அதிகம். எந்த இனமும் தனித்து நின்று, “இது எங்கள் ஊர் மட்டும்” என்று சொல்ல முடியாத மாவட்டம் இது. 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்வழியாகப் போன எல்லாரும் ஒரே பாதையில் தோளோடு தோள் நின்றுதான் தண்ணீரைக் கடந்தார்கள்.

ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையின் மேசையைப் பாருங்கள். சோறு தம்பலகாமத்து வயலில் அல்லது கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லாக இருக்கலாம். தயிர் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும். மீன் நிலாவெளியிலோ சல்லியிலோ வலை இழுத்தவர்களுடையது. ரொட்டிக்கும் பாணுக்கும் வேண்டிய கோதுமை கப்பலில் நமது துறைமுகத்துக்கே வந்து, சீனன்குடாவில் உள்ள பிறிமா ஆலையில் மாவாகி, இங்கிருந்து நாடெங்கும் போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் மூன்று இனத்தவரின் வியர்வையும் கலந்திருக்கிறது. “அவங்கட சாப்பாட்டிலை என்ன கலந்திருக்கோ” என்று கேட்பவருக்கு உண்மையான விடை இதுதான்.

அபிப்பிராயம் என்றால் என்ன?

நமது திருச்சபையின் பெரிய அறிஞரான புனித தோமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை நுணுக்கமாக ஆராய்ந்தார். அறிவு வேறு, விசுவாசம் வேறு, அபிப்பிராயம் வேறு, சந்தேகம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அறிவில் சான்று தெளிவாக இருப்பதால் மனம் அதை மறுக்க முடியாமல் ஏற்றுக்கொள்கிறது. விசுவாசத்தில் கண்ணுக்குத் தெரியும் சான்று இல்லாதிருந்தும், மனம் உறுதியுடன் ஏற்றுக்கொள்கிறது. அபிப்பிராயத்திலோ மனம் ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் மறுபக்கமே உண்மையாக இருக்குமோ என்ற அச்சம் கூடவே இருக்கிறது.

இந்த அச்சத்தை நன்றாகக் கவனியுங்கள். அது கோழையின் அச்சமல்ல, நேர்மையுள்ளவனின் அச்சம். “நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம்” என்ற அந்தச் சிறு இடைவெளி இருந்தால்தான் ஒரு கருத்து அபிப்பிராயம் என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. அது இல்லாவிட்டால், அறிவின் சான்றும் இல்லை, அபிப்பிராயத்தின் தாழ்மையும் இல்லை. விசாரணையில்லாமல் கொடுத்த தீர்ப்பு மட்டுமே மிஞ்சுகிறது. நமது ஞானோபதேசத்தில் அதற்குப் பெயர் வீண் தீர்ப்பு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவங்களில் அதுவும் ஒன்று.

அதே அறிஞர் இன்னுமொன்றையும் கற்பித்தார். ஒருவனைப் பற்றி ஐயம் எழுந்து, தெளிவான சான்று இல்லாவிட்டால், நல்ல பக்கத்துக்கே பொருள் கொள்ள வேண்டும். அப்படிப் பொருள் கொண்டு, தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாந்தாலும் குறையில்லை. நல்லவன் ஒருவனைத் தீயவனென்று எண்ணி ஒரேயொரு முறை தவறினாலும் அவனுக்கு அநீதி செய்தவர்களாகிறோம். முதல் தவறில் நட்டம் நமக்கு. இரண்டாவது தவறில் நட்டம் அவனுக்கு.

நமது தேநீர்க் கடை மனிதரின் மூன்றாவது அபிப்பிராயத்தை இப்போது இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். “என்னத்தைக் கலக்கிறாங்களோ” என்றவர் அக்கடையின் குசினிக்குள் போய்ப் பார்த்தாரா? இல்லை. அங்கே சாப்பிட்டு வருத்தப்பட்ட ஒருவரை விசாரித்தாரா? இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டார், அல்லது கையடக்கத் தொலைபேசியில் யாரோ அனுப்பியதைப் பார்த்தார். அவ்வளவே. அச்சம் எங்கே? அவரிடம் அச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தாம் பிழைவிடுவோமோ என்ற அச்சமல்ல, மற்றவனைப் பற்றிய அச்சம்.

அம்பாறையில் நடந்தது

இது வெறும் பேச்சுத்தானே, இதனால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நமது கிழக்கு மாகாணத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தம் உணவில் ஒரு கட்டியைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரையை முஸ்லிம் கடைகளில் உணவில் கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே நாட்டில் உலாவிக்கொண்டிருந்தது. கட்டியைக் கண்டதும் அந்தக் கதை நினைவுக்கு வந்தது. ஆட்கள் கூடினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து மிரட்டினார்கள். அவர் பயத்தில் தடுமாறிச் சொன்ன அரைகுறைப் பதில் காணொளியாகி, குற்ற ஒப்புதல் என்று முகநூலில் பரவியது. அன்றிரவு கடை அடித்து நொறுக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

பின்னர் அந்தக் கட்டி அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் பரிசோதிக்கப்பட்டது. அது மாக் கட்டி. சரியாகக் கரையாத வெறும் மா. ஒருமுறை உண்டதால் ஒருவரை என்றென்றைக்கும் மலடாக்கிவிடும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. ஆனால் பரிசோதனை அறிக்கை வருமுன்னரே காரியம் முடிந்துவிட்டது. சில நாட்களில், மார்ச் முதல் வாரத்தில், கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் பெருங் கலவரம் மூண்டது. அங்கே தூண்டுதலான சம்பவம் வேறு. ஆனால் அம்பாறைக் கதையும் அந்த நெருப்புக்கு விறகாயிற்று. மார்ச் 6ஆம் நாள் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ய வேண்டியதாயிற்று.

சிந்தியுங்கள். அந்த இரவில் கல்லெறிந்தவர்கள் சில பேர். ஆனால் அதற்கு முன் பல மாதங்களாக நூற்றுக்கணக்கான தேநீர்க் கடை மேசைகளில் “எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் சொல்லுகினம்” என்று சொன்ன நல்ல மனிதர்கள் எத்தனை பேர்? அவர்களில் எவரும் கல்லைத் தொடவில்லை. எவரும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் உதிர்த்த ஒவ்வொரு சொல்லும் கட்டியை மாத்திரையாக மாற்றுவதற்கு உதவியது. அபிப்பிராயத்துக்குக் கணக்கு உண்டா என்ற நமது கேள்விக்கு அம்பாறை தந்த பதில் இதுதான்.

நமது சொந்தக் காயம்

“அது சிங்களவர் சிலர் முஸ்லிம்களுக்குச் செய்தது; கத்தோலிக்கராகிய எங்களுக்கு அதில் என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். அடுத்த ஆண்டிலேயே அந்தக் கேள்வி நமது வீட்டு வாசலுக்கு வந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சியோன் ஆலயத்திலும், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழிபாட்டில் நின்றவர்களும் காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களும் ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். இந்தக் காயத்தை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. செய்தவர்களும் செய்வித்தவர்களும் நீதியின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது.

ஆனால் அதற்குப் பின் வந்த வாரங்களில் நாட்டின் பல பகுதிகளில் என்ன நடந்தது? குண்டு வைத்தவர்களுக்கும் தெருமூலைக் கடையில் ரொட்டி தட்டுபவருக்கும் இடையே நம்மில் பலர் வேறுபாடு காணவில்லை. “இனி அவங்கட கடைப் பக்கம் போறேல்லை” என்று முடிவெடுத்தார்கள். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூனில், கத்தோலிக்கர் நிறைந்து வாழும் வென்னப்புவப் பக்கத்தில், தங்கொட்டுவைச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இடமில்லை என்று பிரதேச சபைத் தலைவரே கடிதம் கொடுத்தார். மலட்டு மாத்திரைக் கதை இம்முறை சாப்பாட்டை விட்டு வைத்தியசாலைக்குள் புகுந்தது. குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான பெண்களை மலடாக்கினார் என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் வைத்தார்கள். பின்னர் பிணையில் வந்து, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அரச பணியில் அமர்த்தப்பட்டார்.

காயம் உண்மையானது. ஆனால் காயம் பட்டவன் என்பதால் என் தீர்ப்பு தானாகவே நீதியானதாகிவிடுவதில்லை. கிழக்கில் இதை நாம் நன்றாக அறிவோம். தமிழர் பட்ட காயங்கள் உண்டு. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூறு பேருக்கு மேல் சுட்டுக்கொல்லப்பட்ட காயமும் உண்டு. தன் காயத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவன் எந்த இனத்தவனாயினும் அவனுடைய கணக்கு ஒருபோதும் சமப்படாது.

நாமும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

கடையும் மேசையும் மனிதனை அளக்கும் கருவிகளானது நேற்று இன்றல்ல. வடக்கிலே தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இடமில்லாதிருந்தது. வெளியே நிறுத்திப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுத்தார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் பின்னரும், 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய், கடைப் பிரவேசத்துக்கும் கோவிற் பிரவேசத்துக்கும் மக்கள் போராட வேண்டியிருந்தது. நமது ஆலயங்களும் அந்தச் சாதிப் பிரிவினைக்கு வெளியே நின்றவையல்ல. தூர தேசத்திலும் இதே கதைதான். 1960 பெப்ரவரி முதலாம் நாள் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடை மேசையில் போய் உட்கார்ந்து ஒரு கோப்பை கோப்பி கேட்டார்கள். அதற்கே ஒரு பெரும் போராட்டம் தேவைப்பட்டது.

1983 ஜூலையில் கொழும்பிலும் மலைநாட்டிலும் தமிழருடைய கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் எரிக்கப்பட்டன. திருகோணமலையும் அந்த நெருப்புக்குத் தப்பவில்லை. அக்கடைகளில் அதற்கு முதல்நாள் வரை தோசை தின்றவர்கள் எத்தனையோ சிங்களவர். தமிழனைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் அவர்களிடையே பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போயிருந்தது. அன்று நம்மைப் பற்றிய அந்த அபிப்பிராயத்தை நாம் “அவர்களுடைய உரிமை” என்று ஏற்றுக்கொண்டோமா? இல்லையே. அன்று நமக்கு அநீதியாக இருந்தது இன்று நமது வாயில் வரும்போது மட்டும் எப்படி உரிமையாகும்?

மேசையை விட்டு எழுந்த இராயப்பர்

மறைநூலிலும் சாப்பாட்டு மேசையைப் பற்றிய ஒரு பெரிய வழக்கு உண்டு. புனித இராயப்பர் யோப்பா என்னும் துறைமுகப் பட்டினத்தில், கடற்கரையோரம் தோல் பதனிடும் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தார். நடுப்பகல். பசி. கீழே சாப்பாடு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அப்போது வானத்திலிருந்து பெரிய விரிப்பொன்று இறங்குவதையும், அதில் யூதர் தீட்டென்று விலக்கிய உயிரினங்கள் இருப்பதையும் காட்சியாகக் கண்டார். மும்முறை அது நிகழ்ந்தது. காட்சி உணவைப் பற்றியது. ஆனால் பாடம் மனிதரைப் பற்றியது. எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லக்கூடாது என்று அவர் விளங்கிக்கொண்டு, செசாரியாவுக்குப் போய், உரோமைப் படைத் தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார்.

அத்துடன் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பின்னர் அந்தியோக்கியாவில் அவர் பிற இனத்தவரோடு ஒன்றாக உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, அவர் மேசையை விட்டு விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்றவர்களும் விலகினார்கள். புனித சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இன்றிரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள்.

இராயப்பரின் விசுவாசம் மாறவில்லை. அவருடைய அபிப்பிராயமும் மாறவில்லை. மாறியது அவர் இருந்த இடம் மட்டுமே. ஆனால் நற்செய்தியின் உண்மையே அதனால் பழுதுபடுகிறது என்று சின்னப்பர் கண்டார். நம்மிலும் பலர் உள்ளத்தில் எவரையும் வெறுப்பதில்லை. “எங்கட சனம் பார்த்தால் என்ன சொல்லும்?” என்பதற்காகவே கடையை மாற்றுகிறோம், பேச்சுக்குத் தலையாட்டுகிறோம். அந்தியோக்கியாவின் பாவம் அதுவே.

கை வாயைவிட நல்லது

இவ்வளவும் சொன்னபின், நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் றிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியருடன் அந்நாட்டில் நெடும் பயணம் செய்தார். சீனர் மீது அங்கே கடும் வெறுப்பு நிலவிய காலம் அது. மொத்தம் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரேயொரு இடத்தில் மட்டுமே இடமில்லை என்றார்கள். ஆறு மாதங்களின் பின், சீனரை உங்கள் இடத்தில் ஏற்பீர்களா என்று அவ்விடங்களுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் “ஏற்க மாட்டோம்” என்று எழுதியிருந்தார்கள். 1934இல் இதை அவர் வெளியிட்டார்.

கடிதத்தில் கேட்டபோது அவர்கள் “சீனர்” என்ற ஒரு சொல்லுக்குப் பதில் எழுதினார்கள். வாசலில் வந்து நின்றபோது பயணக் களைப்புடன் புன்னகை செய்யும் இருவரைக் கண்டார்கள். சொல்லை வெறுப்பது சுலபம். முகத்தை வெறுப்பது அவ்வளவு சுலபமல்ல. நமது தேநீர்க் கடை மனிதரும் அப்படித்தான். “அவங்கள்” என்று பேசும் அவரே, வழியில் மோட்டார் சைக்கிள் பழுதாகி நிற்கும்போது கைகொடுக்க வரும் கிண்ணியா இளைஞனை “தம்பி, நல்லாயிருப்பாய்” என்று வாழ்த்துவார். ஆனால் இதைச் சாட்டாக வைத்து வாயை அவிழ்த்துவிட முடியாது. அம்பாறையில் முகத்தைக் கண்டபின்னும் சொல்லே வென்றது. பேசிப் பேசி ஊறிய சொல், ஒருநாள் முகத்தையும் மறைத்துவிடும்.

அப்படியானால் விருப்பப்படி சாப்பிடக்கூடாதா?

ஏன் கூடாது? விலை கூட என்று ஒரு கடையை விடலாம். சுத்தமில்லை என்று விடலாம். சுத்தமில்லாததைக் கண்ணால் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பது கடமையும்கூட. உறைப்புப் போதாது என்றும் விடலாம்! முஸ்லிம் சகோதரர் ஹலால் உணவையே உண்பார். சைவர் சைவக் கடையைத் தேடுவார். நாம் பெரிய வெள்ளியன்று மாமிசத்தை விலக்குகிறோம். இவற்றில் எவருக்கும் அவமதிப்பில்லை. உணவை விலக்குவது வேறு. உணவு தருபவனை விலக்குவது வேறு. முதலாவது என் நாக்கையோ என் நோன்பையோ பற்றியது. இரண்டாவது இன்னொரு மனிதனின் மானத்தையும் பிழைப்பையும் பற்றியது.

இன்னுமொரு காரியம். கடை மேசையில் இருந்து நாட்டின் நீதியைப் பற்றி உரக்கப் பேசுபவர், அந்த மேசையைத் துடைக்கும் பையனின் முகத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா? அவன் எந்த ஊர், வீட்டில் யார் யார், பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டிருக்கிறாரா? அரசியலும் விசுவாசமும் சாப்பாடும் உண்மையாகச் சந்திக்கும் இடம் அவனுடைய ஈரத் துணிதான்.

ஆகவே வாசகர்களே, அபிப்பிராயம் சொல்வதை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. வாய் மூடிய சமுதாயத்தில் நீதி வளராது. நாம் கேட்பது, சொல்லுமுன் மூன்று கேள்விகள். ஒன்று: இதை நான் எப்படி அறிந்தேன்? கண்டேனா, விசாரித்தேனா, அல்லது வந்ததை அப்படியே அனுப்புகிறேனா? இரண்டு: நான் சொல்வது பிழையென்றால் அதன் நட்டம் யாருக்கு? எனக்கா, இங்கே இல்லாத ஒருவனுக்கா? மூன்று: யாரைப் பற்றிச் சொல்கிறேனோ அவர் இந்த மேசையிலேயே எனக்கு எதிரே இருந்தால், இதே சொற்களை இதே குரலில் சொல்வேனா?

மூன்றாவது கேள்வியே பெரும்பாலான வீண் தீர்ப்புகளைத் தொண்டையிலேயே நிறுத்திவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடையில் சொன்னதை அங்கே இருந்தவர்கள் மறந்துவிடலாம். வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னதைப் பிள்ளை மறக்க மாட்டான். அவனுக்கு அது அபிப்பிராயமல்ல. அப்பா சொன்ன உண்மை. அவன் நாளை வாக்களிக்கும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், கூட்டமொன்றின் நடுவே நிற்கும்போதும் அந்தச் சொல் அவனுடன் போகும். உங்களுக்கு இருந்த சிறு சந்தேகம்கூட அவனுக்கு இராது.

நமது ஆண்டவர் மீது அக்காலத்தவர் சுமத்திய பெரிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, யாரோடு உண்ணக்கூடாதோ அவர்களோடு உண்கிறார் என்பதாகும். அவர் அதை மறுக்கவுமில்லை, மேசையை மாற்றவுமில்லை. அவரைப் பின்செல்கிறோம் என்று சொல்லும் நாம், இந்த வாரம் ஒருநாளாவது, இதுவரை தவிர்த்து வந்த ஒரு கடைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு பிளேன்ரி குடித்து, கடைக்கார நானாவிடம் சுகம் விசாரித்து வரலாம்.